சிப்ஸ் பாக்கெட் உப்பினால் பரவாயில்லை... 'சிப்' கால் வளைந்தால்? கொடைக்கானல் மலை ஏறும் எலெக்ட்ரானிக்ஸ் பார்சலில் என்ன இருக்கிறது?

வத்தலகுண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், கொடைக்கானல் போய்ச் சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்கும். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதுதான் காரணம். அதே சாலையில் இன்னொரு வகை 'சிப்'பும் தினமும் மலை ஏறுகிறது. டிவி, இன்வெர்ட்டர், பண்பலை டிரான்ஸ்மிட்டர், சூரியனைப் படம்பிடிக்கும் கேமரா என எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் செமிகண்டக்டர் சிப்தான் அது. அதன் மெல்லிய கால்கள் வளையாமல் எப்படி மலைக்கு வருகின்றன? பார்க்கலாம்.

சிப்புக்கு எதற்கு கால்?

உண்மையான சிப் என்பது சின்ன சிலிக்கான் துண்டு. அதை அப்படியே போர்டில் வைக்க முடியாது. பிளாஸ்டிக் அல்லது செராமிக் உறைக்குள் வைத்து, உலோகக் கால்களை வெளியே நீட்டுவார்கள். மெக்கானிக்குகள் இதை 'கால்' அல்லது 'பின்' என்பார்கள், தொழிற்சாலையில் 'லீடு'. பெரும்பாலும் செம்புக் கலவையில் செய்து, மேலே வெள்ளீயம் பூசியிருப்பார்கள்.

இந்த உறையிடும் வேலை நமக்குப் புதிதல்ல. சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஸ்பெல் செமிகண்டக்டர் நிறுவனம் பல ஆண்டுகளாக சிப்களை உறையிட்டு, சோதித்து அனுப்பும் தொழிலில் இருக்கிறது.

ஒரு முடி அளவு வளைந்தால் கூடவா பிரச்னை?

ஆமாம். பழைய 'டிப்' வகை சிப்பில் கால்களுக்கு இடையே 2.54 மி.மீ. இடைவெளி இருக்கும். வளைந்தாலும் இடுக்கியால் நிமிர்த்திவிடலாம். ஆனா நான்கு பக்கமும் கால் உள்ள 'கியூஎஃப்பி' வகையில், ஒரு கால் தொடங்கும் இடத்துக்கும் அடுத்த கால் தொடங்கும் இடத்துக்கும் 0.5 மி.மீ. அல்லது 0.4 மி.மீ.தான்.

எல்லாக் கால்களும் ஒரே மட்டத்தில் தரையைத் தொட வேண்டும். பொதுவாக அனுமதிக்கப்படும் வித்தியாசம் 0.1 மி.மீ., அதாவது ஒரு ஏ4 தாளின் தடிமன். அதற்கு மேல் ஒரு கால் தூக்கினால் சால்டர் சரியாகப் பிடிக்காது. பக்கவாட்டில் சாய்ந்தால் பக்கத்துக் காலோடு ஒட்டி ஷார்ட் ஆகும்.

இதைவிட மோசம், பாதி பிடித்த கால். இன்றைக்கு வேலை செய்யும், சில மாதம் கழித்து நின்றுவிடும். எங்கே கோளாறு என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தொழிற்சாலை எப்படி அனுப்புகிறது?

மூன்று வழிகள் உண்டு.

டிரே: கியூஎஃப்பி போன்ற சிப்களுக்கு. 322.6 மி.மீ. நீளம், 135.9 மி.மீ. அகலம் என உலகம் முழுக்க ஒரே அளவு. சிப்பின் உடம்பு மட்டும் குழியில் உட்காரும், கால்கள் எதிலும் படாது. டிரேக்களை அடுக்கி, மேலே ஒரு காலி டிரேயை மூடியாக வைத்துக் கட்டுவார்கள்.

டியூப்: டிப் வகைக்கும் சில சிறிய சிப்களுக்கும். நீளக் குழாய்க்குள் வரிசையாக நகரும். இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்கும். பாதி காலியான டியூப்பை அப்படியே அனுப்பினால் ஒவ்வொரு வளைவிலும் சிப்கள் ஒன்றோடு ஒன்று மோதும்.

ரீல்: சினிமா ஃபிலிம் சுருள் மாதிரி. ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு குழி, மேலே உரித்து எடுக்கும் மெல்லிய டேப்.

விண்வெளித் துறைக்கான சில செராமிக் சிப்களில் கால்களை வளைக்காமல் நேராகவே விட்டு, நுனிகளை ஒரு சட்டத்தோடு சேர்த்துப் பிணைத்து அனுப்புவார்கள். பொருத்தும் இடத்துக்கு வந்த பிறகுதான் வெட்டி, வளைப்பார்கள்.

கொடைக்கானலின் உயரம் சிப்பைப் பாதிக்குமா?

இங்கேதான் பலரும் தப்பாகப் பயப்படுகிறார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் சுமார் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பயணிகள் விமானத்துக்குள் பராமரிக்கப்படும் காற்றழுத்தமும் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமானதுதான். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த சிப் ஏற்கெனவே ஒரு 'கொடைக்கானல்' பார்த்துவிட்டது!

வெள்ளி நிற கவரில் காற்றை ஓரளவுதான் உறிஞ்சுவார்கள். முழுக்க உறிஞ்சினால் டிரேயின் முனை கவரைக் குத்திக் கிழித்துவிடும். ஆக, கவர் லேசாக உப்பினால் பயம் வேண்டாம். ஊசி ஓட்டை விழுந்திருந்தால்தான் பயப்பட வேண்டும்.

அப்போ உண்மையான எதிரி யார்?

ஈரம். பெருமாள்மலை தாண்டினால் மேகமே சாலையில் நடக்கும் ஊர் இது. ஈரத்தால் கால்களின் பூச்சு கறுத்தால் சால்டர் பிடிக்காது. பிளாஸ்டிக் உறையும் ஈரத்தை உறிஞ்சும். பொருத்தும்போது 240 முதல் 260 டிகிரி வரை சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி உறையை வெடிக்க வைக்கும். தொழிலில் இதன் பெயரே 'பாப்கார்ன்'.

அதனால்தான் கவரில் 'எம்எஸ்எல்' எண் அச்சிட்டிருப்பார்கள். லெவல் 3 என்றால், 30 டிகிரிக்கும் 60% ஈரப்பதத்துக்கும் மிகாத அறையில், பிரித்த 168 மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும். மழைக்கால கொடைக்கானலில் சாதாரண அறையே 60%-ஐத் தாண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஆய்வகத்துக்கு ஏன் இது முக்கியம்?

1899-ல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகத்தில்தான் 1909-ல் 'எவர்ஷெட் விளைவு' கண்டறியப்பட்டது. நூறு ஆண்டுகளைத் தாண்டிய சூரியப் படங்கள் இங்கே உள்ளன. முன்பு கண்ணாடித் தகட்டில் எடுத்தார்கள், இப்போது சென்சார். அந்த சென்சாரும் கால் உள்ள ஒரு சிப்தான். ஒரு கால் பிடிக்காமல் கேமரா நின்றால், அன்றைய சூரியனைத் திரும்ப எடுக்க முடியாது.

மலைக்கு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

* தொழிற்சாலை பேக்கிங்கைக் கடையில் பிரித்து, செய்தித்தாளில் மடித்துத் தருவதை வாங்காதீர்கள். கால் வளையும் வாய்ப்பு அதிகமாவது அங்கேதான்.
* தெர்மாகோலில் குத்தி வைக்காதீர்கள், அது நிலைமின்சாரத்தைச் சேர்க்கும். டிப் சிப்புக்குக் கறுப்பு நிறக் கடத்தும் ஃபோம் சரி. ஆனா வருடக்கணக்கில் அதிலேயே விடாதீர்கள், கால் துருப்பிடிக்கும்.
* குளிரில் வந்த பார்சலைச் சூடான அறையில் உடனே பிரிக்க வேண்டாம். சில மணி நேரம் மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் கால்களில் நீர் கோத்துக்கொள்ளும்.
* கவருக்குள் உள்ள ஈரம் காட்டும் அட்டையைப் பாருங்கள். பெரும்பாலான அட்டைகளில் நீலம் நல்லது, இளஞ்சிவப்பு ஆபத்து.
* சிப்பை உடம்பைப் பிடித்துத் தூக்குங்கள், காலைத் தொடாதீர்கள்.

டிரே, டியூப், ரீல் எல்லாம் கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டவை. பிரித்த பிறகு சிப்பைக் காப்பாற்ற வேண்டியது நம் கைதான்.