பித்தநீரைப் பிரித்துப் பார்த்தவர்கள்

பித்த அமிலங்களின் அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹைன்ரிக் வீலாந்துக்கு 1927ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வரைந்த அமைப்பு 1932இல் திருத்தப்பட்டது. ஆனாலும் பெரிய சிக்கல் மிச்சமிருந்தது. ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இடம் மாறினாலே வேறு அமிலமாகிவிடும் இந்தப் பித்த அமிலங்களை, சிறிதளவு ரத்தத்தில் எப்படி இனம்பிரிப்பது?

1952இல் இங்கிலாந்தில் வேதியியலாளர்கள் ஜேம்ஸும் மார்ட்டினும், கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு-திரவ குரோமடோகிராபியை உருவாக்கினார்கள். ஆனால் பித்த அமிலம் எளிதில் ஆவியாகாது, சூடேற்றினால் சிதையும். எனவே ஆய்வாளர்கள் அதை மெத்தில் எஸ்டராகவும், பிறகு சிலைல் ஈதராகவும் மாற்றிய பின்பே கருவிக்குள் செலுத்தினார்கள். பொறுமை கேட்கும் வேலை அது.

அடுத்த திருப்பம் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் நிகழ்ந்தது. குரோமடோகிராபியிலிருந்து, பிரிந்த மூலக்கூறுகளைச் சுமந்தபடி ஹீலியம் வாயு பெருக்கெடுத்து வரும். மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காட்டும் நிறைமாலைமானியோ வெற்றிடத்தில்தான் இயங்கும். இரண்டையும் இணைப்பது எப்படி? ராக்னார் ரைஹாகே 1964இல் வெளியிட்ட விடை அழகானது. அந்த வாயுவை நுண்துளை வழியே பீய்ச்சினால் லேசான ஹீலியம் பக்கவாட்டில் சிதறும். கனமான மூலக்கூறுகள் நேராகப் பாய்ந்து எதிர்த்துளைக்குள் நுழையும். இந்த உத்தியைக் கொண்டே, இரண்டையும் இணைத்த எல்கேபி 9000 கருவி சந்தைக்கு வந்தது. கரோலின்ஸ்காவின் யான் ஷோவால் பித்த அமிலப் பகுப்பாய்வைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார்.

1980களின் இறுதியில், மஞ்சள் காமாலை கண்ட சில பச்சிளம் குழந்தைகளின் சிறுநீரில் வழக்கத்துக்கு மாறான பித்த அமிலங்கள் நிறைமாலைமானியின் உதவியால் தென்பட்டன. காரணம், பிறவியிலேயே ஒரு நொதியின் குறைபாடு. அவர்களுக்குக் கோலிக் அமிலம் என்ற இயல்பான பித்த அமிலத்தை வாய்வழியே கொடுத்தபோது கல்லீரல் தேறியது. 2015இல் அமெரிக்கா அதை மருந்தாக அங்கீகரித்தது.