ஆழமும் அடைக்கலமும்: கொழும்புத் துறைமுகத்தின் தோற்றம்

பாய்க்கப்பலுக்குத் துறை தேடுவோர் நீரின் ஆழத்தை மாத்திரம் கருதுவதில்லை. காற்றுக்கு மறைவு, நங்கூரம் பற்றும் தரை, கரையிலுள்ள வணிகம் ஆகியவற்றையும் கருதுவர். இலங்கையில் இவையனைத்தும் ஓரிடத்தே அமையவில்லை. திருகோணமலை ஆழமும் மறைவும் மிக்க இயற்கைத் துறை. எனினும் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குச் சேய்மையிலிருந்தது. காலியில் நீராவிக் கப்பல்கள் தங்கின; ஆனால் நீரடிப் பாறைகள் அச்சுறுத்தின. கொழும்போ, தெஹிவளைக் கடற்கரையைப் போலவே, தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்து கிடந்தது.

ஆயினும் 1867 இல் கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின், மலைநாட்டு விளைபொருள்கள் கொழும்பையே நாடின. எனவே, இல்லாத மறைவை ஆக்கிக்கொள்வதே வழியாயிற்று. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தென்மேற்கு அலைதடுப்பணை 1885 இல் நிறைவெய்தியது. காலியின் முதன்மை தளர்ந்தது. இயற்கை அளித்த ஆழத்தினும், வணிகம் வேண்டிய அடைக்கலமே கொழும்பின் வரலாற்றை வகுத்தது எனலாம்.