பவளத் தொட்டித் தட்டைப்புழுக்கள்

பவளத் தொட்டித் தட்டைப்புழுக்கள் என்பன, வீட்டில் கடல்நீர் நிரப்பிப் பவள உயிரிகளை வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளில் (வளர்ப்போர் வழக்கில் ‘ரீஃப் டேங்க்’) தோன்றிப் பெருகி, பவளங்களையும் சில நேரங்களில் மீன்களையும் அழிவுக்கு உள்ளாக்கும் தட்டையான, மென்னுடல் கொண்ட சிறு கடற்புழுக்களைக் குறிக்கும் பொதுப்பெயராகும். இவற்றுள் பலவும் உயிருடன் உள்ளபோது செய்யும் கேட்டைவிட, மருந்தால் ஒரே வேளையில் கூட்டமாக இறக்கும்போது செய்யும் கேடு பெரிது என்பதே இவற்றைக் கையாள்வதில் முதலில் அறிய வேண்டியதாகும்.

பெயரும் வகைப்பாடும்

தொட்டி வளர்ப்போர் ஒரே பெயரால் அழைக்கும் இப்புழுக்கள் உண்மையில் இரு வேறு தொகுதிகளைச் சேர்ந்தவை. துருச்சிவப்பு நிறமும் சில மில்லிமீட்டர் நீளமும் பின்முனையில் வால் போன்ற மடல்களும் உடைய கொன்வொலூட்ரிலோபா இனங்களும், பவளத்தின் மேற்பரப்பில் வட்டப் புள்ளிகளாகப் படியும் வாமினோவா இனங்களும் ‘அசீலா’ என்னும் குடற்குழியற்ற உயிரிகளின் பிரிவில் அடங்கும். இப்பிரிவு முன்னர்த் தட்டைப்புழுத் தொகுதியில் வைக்கப்பட்டிருந்தது. 1999-இல் வெளிவந்த மரபணு ஆய்வுக்குப் பின் தனியாகப் பிரித்துக் காணப்படுகிறது. கிளைத்த குடலுடைய ‘பாலிகிளாட்’ வகையினவே உண்மையான தட்டைப்புழுக்கள். இவற்றுள் சில சிப்பிகளையும், ஓரினம் அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தின் திசுவையும் தின்கின்றன.

வாழ்க்கை முறை

சென்னைத் தொட்டிகளுக்கு (காரணம் அடுத்த பகுதியில்) மிகவும் பொருந்துவது கொன்வொலூட்ரிலோபாவின் வாழ்க்கை முறையாகும். இப்புழுவின் உடலுக்குள் நுண்பாசிகள் தங்கி, ஒளியைக் கொண்டு உணவு ஆக்கித் தருகின்றன. புழு தானும் நீரில் மிதக்கும் சிற்றுயிரிகளைப் பிடித்து உண்கிறது. விளக்கு எரியும்போது நீரோட்டம் குறைந்த பாறை முகப்பிலும் மணல்மேலும் கண்ணாடியிலும் இவை திரள்கின்றன. ரெட்ரோஜெம்மா என்ற இனத்தில் தாய்ப்புழுவின் பின்விளிம்பில் மொட்டு அரும்பி, தாய்க்கு எதிர்த்திசை நோக்கிய தலையுடன் வளர்ந்து தனியே பிரிகிறது. இணை தேடாமலே நிகழும் இப்பெருக்கத்தால், பாறையிடுக்கில் தங்கிய ஒற்றைப் புழுவே சில வாரங்களில் தொட்டியைச் செம்மை படரச் செய்யப் போதுமானது. அடர்ந்த புழுக்கூட்டம் பவளத்தின்மேல் போர்வை போல் படிந்து ஒளியை மறைப்பதால், தன் திசுவில் வாழும் பாசிகளின் ஒளிச்சேர்க்கையை நம்பியிருக்கும் பவளம் சுருங்கி நலிகிறது.

சென்னை மேற்குப் புறநகரின் சூழல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகள் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீட்டர் உள்ளே அமைந்தவை. ஆகவே இங்குள்ளோர் பெரும்பாலும் ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்தே தொட்டியை நிரப்ப வேண்டியுள்ளது. அம்பத்தூருக்கு அண்மையிலுள்ள கொளத்தூர் நெடுங்காலமாக வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற இடமாகும். கடினப் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளமோ பவளப்பாறையோ எடுப்பது குற்றமாகும். ஆதலால் சட்டத்துக்கு உட்பட்ட வீட்டுத் தொட்டியில் தோல்பவளம், காளான்பவளம், சோவாந்தஸ் போன்ற மென்மையான உயிரிகளே இடம்பெறத் தக்கவை. அக்ரோபோரா தின்னும் புழுவினும் துருச்சிவப்புப் புழுவே இங்கு முதன்மை பெறுவதற்கு இதுவே காரணம்.

இப்பகுதியின் வெப்பம் இன்னொரு சிக்கலை உண்டாக்குகிறது. 35 கிராம் உவர்ப்புள்ள நீர் 25 பாகை செல்சியசில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது சுமார் 6.2 மில்லிகிராமாகக் குறைகிறது. கத்திரி வெயில் நாளில் மின்சாரம் நின்று, குளிர்விப்பானும் நீரோட்ட மோட்டாரும் ஓய்ந்தால், நல்ல நிலையிலுள்ள தொட்டியே மூச்சுத் திணறும். அந்நேரத்தில் ஆயிரக்கணக்கான புழுக்களும் இறந்து அழுகினால் மீன்கள் பிழைப்பது அரிது.

கட்டுப்படுத்தும் முறைகள்

முதல் முறை கையால் அகற்றுதலாகும். காற்றுக்குழாய் அளவுள்ள மெல்லிய நெகிழிக் குழாயின் ஒரு முனையைப் புழுத்திரளின்மேல் பிடித்து, மறுமுனையை நெருங்கிய இழையுள்ள நைலான் துணி கட்டிய வாளியில் விட்டு உறிஞ்சினால், புழுக்கள் துணியில் தங்க, தெளிந்த நீரைத் தொட்டிக்கே திருப்பி ஊற்றலாம். விளக்கு எரிந்து சில மணி நேரம் கழித்து, அவை வெளிச்சத்தில் திரண்டிருக்கும் வேளையில், இரண்டு மூன்று வாரங்கள் விடாது இதைச் செய்வதும், மீனுக்கு இடும் தீனியைக் குறைப்பதும், தேங்கிய மூலைகளில் நீரோட்டத்தைக் கூட்டுவதும் புழுக்களின் எண்ணிக்கையைப் பெரிதும் தணிக்கும்.

இரண்டாவது, இயற்கைப் பகை உயிரிகளை விடுதல். ஆறுவரி ராஸ், மஞ்சள் ராஸ் ஆகிய மீன்களுள் சில புழுவை உண்ணும், சில தீண்டுவதில்லை; எனவே இவை துணையே அன்றித் தீர்வு ஆகா. நீல வெல்வெட் எனப்படும் ஓடற்ற கடல்நத்தை இப்புழுக்களையே உண்டு வாழ்வதாயினும், புழு தீர்ந்ததும் தானும் பட்டினியால் இறப்பதால், அதனை வாங்கி விடுவது பொறுப்பான வழியாகாது.

மூன்றாவதும் இறுதியானதும் மருந்து. ஆடுமாடுகளுக்குக் குடற்புழு நீக்கத் தரப்படும் லெவாமிசோல் போன்ற பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. செம்பு கலந்த மீன்மருந்துகள் முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்வதால் அறவே தவிர்க்கத் தக்கவை. மருந்தின் அளவு, தொட்டியின் கொள்ளளவைக் கொண்டன்றி உண்மையான நீரளவைக் கொண்டே கணிக்கப்பட வேண்டும். மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் உள்ள தொட்டி 190 லிட்டர் கொள்ளும். ஆனால் மேலே இரண்டு அங்குல இடைவெளியையும் 20 கிலோ பாறையையும் கழித்தால் அதில் நிற்கும் நீர் ஏறத்தாழ 160 லிட்டரே. கீழ்த்தொட்டி இருப்பின் அதன் நீரையும் கூட்ட வேண்டும்.

மருந்திடும் நாளுக்கு முன்பே, நீரில் நான்கில் ஒரு பங்குக்கு ஈடான புது உப்புநீர் கலக்கி வைக்கப்பட வேண்டும். கிளர்வூட்டிய கரியும், மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பும் அருகிலிருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த காலையே இதற்கு ஏற்ற வேளை. மருந்திட்ட சில நிமிடங்களில் பிடி தளர்ந்து மிதக்கும் புழுக்களை, அவை சிதைந்து நஞ்சைக் கசியவிடுமுன் உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பின்னர் கரியை வடிகட்டியில் இட்டு, புதுநீர் மாற்றி, மீன்களின் செவுள் அசைவைக் கவனிக்க வேண்டும். எஞ்சிய புழுக்களின் பொருட்டு ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை மருந்திடுதல் வழக்கம்.

தடுப்பு

தொட்டிக்குள் புழு நுழையும் வழி பெரும்பாலும் புதிதாக வாங்கிய பவளத்துண்டும் அது ஒட்டியுள்ள கல்லுமே ஆகும். புதிய துண்டைத் தனித்தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வைத்து, அடித்தட்டை உருப்பெருக்கியால் பார்ப்பது மருந்தினும் மேலான காவலாகும். புதிய துண்டை முக்கியெடுக்கும் கழுவல் மருந்துகள் புழுவை உதிர்க்குமேயன்றி முட்டைகளை அழிப்பதில்லை.

ரெட்ரோஜெம்மா இனம் 1988-இல் விவரிக்கப்பட்டபோது, ஆய்வாளருக்குக் கிடைத்தவை கடலிலிருந்து அல்லாமல் தொட்டியிலிருந்து வந்த உயிரிகளே. எக்கடலிலிருந்து வந்ததென அறியாத உயிரியை வங்கக் கரையில் விடுவது தகாது. எனவே உறிஞ்சிய புழுக்களையும் கழித்த கல்லையும் நன்னீரில் ஒரு நாள் ஊறவைத்துக் கொன்ற பின்னரே அகற்ற வேண்டும். கூவத்திலோ கடலிலோ கொட்டலாகாது. வீட்டுக்குள் பவளத்தை வளர்ப்பவரின் கடமை, வெளியே கடலிலுள்ள பவளத்தையும் காப்பதில் நிறைவுறுகிறது.