நிலைமாற்றக் குருதியழுத்தக் குறைவு வினாக்கொத்து

நிலைமாற்றக் குருதியழுத்தக் குறைவு வினாக்கொத்து என்பது, எழுந்து நிற்கும்போது குருதி அழுத்தம் தாழ்வதால் தோன்றும் அறிகுறிகளையும், அவை நோயாளியின் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவையும் எண்களால் மதிப்பிடும் மருத்துவக் கருவியாகும். நோயாளியே விடையளிக்கும் பத்து வினாக்கள் இதில் உள்ளன. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஓராசியோ காஃப்மனும் உடன் ஆய்வாளர்களும் இதனை 2012இல் வெளியிட்டனர்.

நோயின் இயல்பு

படுத்திருப்பவர் எழுந்து நின்றவுடன் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையிலான குருதி கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதனை உடனே அறிந்து, தன்னியக்க நரம்புகளின் வழியாகக் குருதிக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை நிலைநிறுத்துகின்றன. நீரிழிவு, பார்க்கின்சன் நோய், பல்தொகுதி நலிவு போன்றவற்றால் இந்நரம்புகள் பழுதடைந்தால் அழுத்தம் சரிகிறது. உடலில் நீர் குறைதல், குருதி அழுத்த மாத்திரைகள், புரோஸ்டேட் வீக்கத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம்.

எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 மி.மீ. பாதரசமோ கீழ் அழுத்தம் 10 மி.மீ. பாதரசமோ குறைந்தால் அது இந்நோய் எனக் கொள்ளப்படுகிறது. இவ்வரையறை 1996இல் ஏற்கப்பட்டது.

அழுத்தமானி மட்டும் போதாமை

ஒரே அளவு வீழ்ச்சி ஒருவரை மயங்கி விழச் செய்கிறது. மற்றொருவர் அதனை உணர்வதேயில்லை. மேலும், இந்நோய் நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. இரவு முழுதும் படுத்திருக்கையில் சிறுநீரகம் உப்பையும் நீரையும் மிகுதியாக வெளியேற்றிவிடுவதால் காலை நேரமே பலருக்கும் கடினமானது. வயிறு நிறையச் சோறு உண்ட பின்னும், வெயிலிலும், வெந்நீர்க் குளியலுக்குப் பின்னும் அறிகுறிகள் கூடுகின்றன. நண்பகலில் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் எடுக்கப்படும் ஒற்றை அளவு, அவர் விடியற்காலையில் கழிவறைக்குச் செல்லும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் காட்டாது. இதனாலேயே கடந்த ஒரு வாரத்தை நினைவுகூர்ந்து விடையளிக்குமாறு வினாக்கொத்து கேட்கிறது.

அமைப்பும் மதிப்பெண்ணும்

முதற்பகுதியில் ஆறு அறிகுறிகள் உள்ளன: தலைசுற்றல் அல்லது மயங்கப்போவது போன்ற உணர்வு, பார்வைக் கோளாறு, பலவீனம், களைப்பு, கவனம் குவிக்க இயலாமை, தலை அல்லது கழுத்தில் அசௌகரியம். இரண்டாம் பகுதி நான்கு செயல்களை வினவுகிறது: சிறிது நேரம் நிற்றல், நெடுநேரம் நிற்றல், சிறிது நேரம் நடத்தல், நெடுநேரம் நடத்தல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடவேண்டும். 0 தொல்லையின்மையையும் 10 மிகக் கடுமையான நிலையையும் குறிக்கும். மூட்டுவலி போன்ற வேறு காரணத்தால் நடக்க முடியாதவர் அதனைத் தனியே குறிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் அறிகுறிகளுக்கு 7, 5, 6, 8, 3, 4 என இட்டால் சராசரி 5.5. செயல்களுக்கு 2, 7, 4, 7 என இட்டால் சராசரி 5. இவ்விரண்டின் சராசரியான 5.25 கூட்டு மதிப்பெண்ணாகும்.

மருந்துகளும் வினாக்கொத்தும்

இத்தகைய அளவுகோலின் தேவையை மிடோட்ரின் மருந்தின் வரலாறு நன்கு காட்டுகிறது. நிற்கும்போது குருதி அழுத்தத்தை உயர்த்துகிறது என்ற அடிப்படையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996இல் அதற்கு விரைவு ஒப்புதல் அளித்தது. நோயாளியின் வாழ்வு மேம்பட்டதற்கான சான்று பின்னர் வரவேண்டும் என்பது நிபந்தனை. போதிய சான்று வராததால் 2010இல் ஒப்புதலைத் திரும்பப் பெற முன்மொழியப்பட்டது. அதனை நம்பியிருந்த நோயாளிகளும் மருத்துவர்களும் எதிர்த்தனர். மருந்து விற்பனையில் தொடர்ந்தது.

சப்பானில் 1989 முதல் வழக்கிலிருந்த திராக்சிடோபா, இவ்வினாக்கொத்தைக் கொண்டே அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. தலைசுற்றல் வினாவை மட்டும் முதன்மையாகக் கொண்ட ஆய்வு ஒன்றில் போலி மருந்தைவிடத் தெளிவான நன்மை தெரியவில்லை. கூட்டு மதிப்பெண்ணைக் கொண்ட மற்றோர் ஆய்வில் தெரிந்தது. எதை அளப்பது என்னும் தேர்வே முடிவை மாற்ற வல்லது என்பதற்கு இது நல்ல சான்று. 2014 பெப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தபோதும், இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட பயன் நிறுவப்படவில்லை என்ற குறிப்பு சேர்க்கப்பட்டது. படுத்திருக்கையில் அழுத்தம் மிகுதியாக உயரலாம் என்ற எச்சரிக்கை இரு மருந்துகளுக்கும் உண்டு.

குமரி மாவட்டச் சூழல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில் 1838இல் இலண்டன் மிசனரி சங்கத்தின் மருத்துவப் பணி தொடங்கியது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபை மருத்துவமனையாக உள்ளது. மேலைநாட்டு நோயாளிகளை முன்வைத்து எழுதப்பட்ட வினாக்களை இத்தகைய ஊரில் அப்படியே பயன்படுத்துவதில் சில இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது மொழி. சுழல்வது போன்ற உணர்வு, கண் இருட்டுதல், நினைவிழத்தல் ஆகிய மூன்றையும் பேச்சுத் தமிழில் மயக்கம் என்றே சொல்லிவிடுவதுண்டு. மலையாளமும் வழங்கும் இம்மாவட்டத்தில் 'தலகறக்கம்' என்ற சொல்லும் காதில் விழும். காதுக் கோளாற்றால் வரும் சுழற்சியையும் அழுத்தக் குறைவையும் பிரித்தறிய, "உட்கார்ந்தால் உடனே சரியாகிறதா?" என்று கேட்டாக வேண்டும்.

இரண்டாவது வாழ்முறை. தரையில் சம்மணமிட்டு உண்டு எழுதல், குந்தும் கழிவறையிலிருந்து எழுதல், குனிந்து துணி துவைத்து நிமிர்தல் ஆகியவை வினாக்களில் இல்லை. இவற்றுள் முதலாவது, உணவுக்குப் பிந்தைய வீழ்ச்சியும் நிலைமாற்றமும் ஒருசேர வரும் தருணமாகும். பனையேறிக்கு இக்குறை இன்னும் பெரிது. நாளுக்கு இருமுறை மரமேறும் அவர் நிற்றலுக்கும் நடத்தலுக்கும் தாழ்ந்த மதிப்பெண்ணே இடலாம். ஆனால் மரத்தின் உச்சியில் ஒரு கணம் கண் இருட்டினால் உயிர் போகும். ஒரு வாரச் சராசரியில் அந்த ஒரு கணம் மறைந்துவிடுகிறது.

ஆகவே மதிப்பெண்ணுடன், ஐந்து நிமிடம் படுத்த பின்னும், எழுந்து நின்ற முதலாம், மூன்றாம் நிமிடங்களிலும் எடுத்த அழுத்த அளவுகளை நாள், நேரம், உணவு, செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றுடன் குறித்துவருவது பயனுள்ளது. விடியற்காலையில் எழுந்தவுடனும் உணவு உண்ட பின்னும் எடுத்த அளவுகள் இக்குறிப்பில் இருத்தல் வேண்டும்.