டஸ்கீகி நகரின் எல்லைக்கோடு

ஒருவரது ஓட்டுரிமையைப் பறிக்க வேண்டுமாயின் அவர் பெயரை ஜாபிதாவினின்றும் நீக்க வேண்டுமென்றே நம் சங்கத்து அன்பர்களிற் பலர் எண்ணியிருக்கக் கூடும். அவ்வளவு சிரமமும் வேண்டியதில்லை. அவர் வீட்டிற்கு இப்புறமாக ஒரு கோட்டைக் கிழித்துவிட்டாலே போதும். வீடு இருந்தவிடத்திலேயே இருக்க, ஊர் அவரை விட்டு விலகிப் போய்விடும். அமெரிக்காவின் தென்பாகத்திலுள்ள அலபாமா இராஜ்யத்தில், டஸ்கீகி என்னும் சிறு நகரத்தில், 1957-ஆம் வருஷம் நடந்தது இதுவே.

அடிமையாய்ப் பிறந்த புக்கர் வாஷிங்டன் என்பார் 1881-ஆம் வருஷத்திலிருந்து வளர்த்த கலாசாலையால் பெயர்பெற்றது அவ்வூர். 1923-இல் கறுப்பின இராணுவத்தாருக்கென ஒரு பெரிய வைத்தியசாலையும் அங்கே ஏற்பட்டது. ஆகவே ஆசிரியரும் வைத்தியருமாகக் கற்றறிந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே மிகுதி. அவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட மேக்கன் ஜில்லாவில் ஐவருக்கு நால்வர் அவ்வினத்தாரே. ஆயினும் ஓட்டராய்ப் பதிந்துகொள்ளச் சென்றால், ஏற்கெனவே ஓட்டுரிமை பெற்ற வெள்ளையர் ஒருவர் வந்து நற்சாட்சி சொல்ல வேண்டும் என்பார்கள். பதிவுசெய்யும் குழுவினர் இராஜிநாமாச் செய்துவிட, மாதக்கணக்கில் வேலையே நடவாத காலமும் உண்டு. கலாசாலைப் பேராசிரியரை, அவர் யோக்கியரென்று அயலார் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்த விந்தையை என்னென்பது!

1941-இல் அவர்கள் ஒரு குடிமக்கள் சங்கம் கண்டார்கள். அதன் தலைவர் சார்லஸ் கொமிலியன், சமூகவியல் ஆசிரியர், உரத்துப் பேசாதவர். வருஷந்தோறும் ஆட்களை அழைத்துச் சென்று, மறுத்தால் மீண்டும் அழைத்துச் சென்று, நகரத்தில் ஏறக்குறைய 400 பேரை ஓட்டராக்கினார்கள். அதுவே வெள்ளையருக்கு அச்சம் விளைத்தது. ஸாம் எங்கல்ஹார்ட் என்னும் சட்டசபை அங்கத்தினர் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, சதுரமாயிருந்த நகர எல்லை 28 பக்கங்களுடைய கோணல் உருவமாயிற்று. அந்த 400 பேரில் நால்வரோ ஐவரோ தவிர ஏனையோர் வெளியே, கலாசாலையும் வெளியே. வெள்ளை ஓட்டர் ஒருவரும் வெளியேற்றப்படவில்லை.

அவ்வருஷம் ஜூன் மாதம் 25-ஆம் தேதி, கோயிலொன்றில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். நம்மை ஒதுக்கும் கடைகளில் நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பதே அன்றைய பேச்சு. கடைபஹிஷ்காரம் அலபாமாவில் சட்டவிரோதமாதலால் அச்சொல்லைத் தவிர்த்து, நண்பரிடத்தில் மட்டும் வாங்குவோம் என்று சொல்லிக்கொண்டார்கள். இராஜ்யத்துச் சர்க்கார் வக்கீல் சங்கக் காரியாலயத்தைச் சோதனையிடச் செய்து, தடையுத்தரவும் வேண்டினார்; 1958-இல் அது மறுக்கப்பட்டது. வியாபாரம் குன்றிக் கடைகள் சில மூடப்பட்டன. ஆயினும் கோடு மட்டும் அசையவில்லை.

அவ்வருஷமே வழக்குத் தொடுத்தார்கள். நகர எல்லையை வகுப்பது சட்டசபையின் அதிகாரம் என்று ஜில்லா நீதிபதி ஃப்ராங்க் ஜான்ஸன் தள்ளிவிட்டார். அப்பீல் கோர்ட்டில் மூவரில் இருவர் அதனையே உறுதிசெய்தனர். உச்ச நீதிமன்றத்திலும் ஒரு பெருந்தடை இருந்தது. தொகுதி எல்லை விவகாரங்களில் கோர்ட்டுகள் தலையிடலாகாதென்று 1946-இல் எழுதிய நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டர் அங்கேயே வீற்றிருந்தார். 1960 அக்டோபரில் நடந்த விசாரணையைக் குடிகளின் வக்கீல் ஃப்ரெட் கிரே தமது சுயசரிதையில் விவரித்துள்ளார். வக்கீல் நகரத்தின் படத்தை மாட்டிவைத்திருக்க, கலாசாலை இதில் எங்கேயுள்ளது என்று ஃப்ராங்க்ஃபர்ட்டர் வினவினாராம். அது இப்பொழுது ஊருக்குள் இல்லை என்ற விடை அவரைத் திகைக்கச் செய்ததாம். உலகமறிந்த கலாசாலையல்லவா!

நவம்பர் 14-ஆம் தேதி நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாய்க் குடிகள் பக்கம் நின்றனர், தீர்ப்பெழுதியவர் ஃப்ராங்க்ஃபர்ட்டரே. தொகுதிகளைச் சமமற்று வகுப்பது வேறு, நிறத்தைக் கண்டு குடிகளை ஊரினின்றும் விலக்குவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பின்னது அரசியலமைப்பின் 15-ஆம் திருத்தத்திற்கு விரோதமென்றார். விசாரணைக்காக வழக்குத் திரும்பி வரவே, முன்பு அதனைத் தள்ளிய ஜான்ஸனே 1961-இல் அச்சட்டத்தை ரத்துசெய்தார். சதுரம் மீண்டது.

1964-இல் கறுப்பினத்தார் இருவர் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஓட்டர் தொகை பெருகியிருந்தும் எல்லா ஸ்தானங்களையும் கோராமல், வெள்ளையரோடு கலந்தே ஆள வேண்டுமென்று கொமிலியன் நின்றார். இளைஞர் பலர் அதனைக் கோழைத்தனமென்று குறைகூறினர். எம்மட்டில், அவரைக் கோழை என்பதற்கு மனம் ஒப்பவில்லை. இளைஞர் அவசரத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 1972-இல் ஜானி ஃபோர்ட் என்பார் அந்நகரத்தின் முதற் கறுப்பின மேயரானார்.