கரி, சவ்வு, எலக்ட்ரான்

புற்றுநோயின் வரலாற்றை ஆய்வகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. லண்டன் புகைபோக்கிகளுக்குள் ஏறிச் சுத்தம்செய்த சிறுவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். அவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரிதான் காரணம் என்று 1775இல் பெர்சிவல் பாட் எழுதினார். காரணம் தெரிந்துபோச்சு. பையன்கள் ஏறுவது நின்றதா? சட்டங்கள் வந்தன, யாரும் மதிக்கவில்லை. 1875ஆம் வருடச் சட்டத்திற்குப் பிறகுதான் ஓய்ந்தது. நூறு வருடம்!

1915இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் மாதக்கணக்காகத் தார் தடவிப் புற்றை வரவழைத்துக் காட்டினார்கள். 1933இல் லண்டனில் கென்னவே குழு இரண்டு டன் கீலைக் காய்ச்சி வடித்துப் பிரித்தெடுத்தது ஒரு சிட்டிகை மஞ்சள் படிகம்: பென்சோபைரீன். வழிகாட்டியது அந்தப் பொருள் உமிழும் ஒளி. அதாவது குற்றவாளியே வெளிச்சம் காட்டினான்.

அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஹேஸ் கிரிஃபித் செய்ததை இந்தத் தொடர்ச்சியில் வைத்துத்தான் நான் வாசிக்கிறேன். புறஊதாக் கதிர் பட்டால் பொருளின் பரப்பிலிருந்து எலக்ட்ரான் தெறிக்கும். அந்த எலக்ட்ரான்களையே லென்சுகளால் குவித்துப் படமாக்கலாம். உலோகங்களை இப்படிப் படமெடுப்பது 1930களில் ஜெர்மனியில் தொடங்கிவிட்டது. உயிர்ப்பொருள்களுக்கு அதை 1972இல் கொண்டுவந்தவர் கிரிஃபித். சவ்வின் கொழுப்பும் புரதமும் எலக்ட்ரானை லேசில் விடுவதில்லை. பென்சோபைரீனின் வளையங்களோ எளிதில் விட்டுவிடும். ஆகவே இருண்ட சவ்வின்மேல் அது பிரகாசமாகத் தெரியும், சாயமேற்றத் தேவையில்லை. 1979இல் அவர் குழு இந்தச் சாத்தியத்தை அளந்து வெளியிட்டது.

அழகான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் எதைப் பார்க்கிறோம்? வெற்றிடத்தில் வைத்து, ஈரம் போக்கிய செல்லை; அதிலும் மேற்பரப்பில் சில நானோமீட்டர் மட்டும். தவிர, பென்சோபைரீன் அப்படியே போய்ப் புற்றை உண்டாக்குவதில்லை. செல்லின் உட்சவ்வில் பதிந்திருக்கும் நொதிகள், அதை வெளியேற்றப் போய், டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிற வேலையே வினையாகிறது. படத்தில் தெரியும் வெளிச்சப் புள்ளி இந்த மாற்றத்துக்கு முந்தைய கணம். புற்றையே பார்த்துவிட்டதாக அதை வாசிப்பது நம்முடைய அவசரம்.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுண்டாக்குபவை என்று உறுதிசெய்த முதல் வகுப்பில் பென்சோபைரீனை வைத்திருக்கிறது. அதே வகுப்பில் தனியாக இன்னொரு பதிவும் உண்டு: புகைபோக்கி சுத்தம்செய்வோர் மேல் படியும் கரி.