84 வருஷம் நின்ற பாலம்... இடித்துக் கட்டிய ‘ஒளி ரிப்பன்’! லாஸ் ஏஞ்சல்ஸ் 6-வது தெரு பாலத்தின் கதை

இன்ஸ்டாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் ரீல்ஸ் பார்ப்பவர்கள் இந்தப் பாலத்தைக் கண்டிப்பாகக் கடந்து வந்திருப்பீர்கள். சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக வளைவுகள், அலை மாதிரி ஏறி இறங்கி, தூரத்தில் டவுன்டவுன் கட்டடங்களைத் தொடுவதுபோல ஓடும். மாலை வெயிலில் எடுத்தால் ஃபில்டரே தேவையில்லை!

பேர், சிக்ஸ்த் ஸ்ட்ரீட் வயடக்ட். அதாவது 6-வது தெரு பாலம். பார்க்க நேற்று முளைத்த மாதிரி இருந்தாலும், இதே இடத்தில் இதற்கு முன்பு ஒரு பாலம் 84 ஆண்டுகள் நின்றது. அது ஏன் இடிக்கப்பட்டது, புதுசு எப்படி நிற்கிறது, திறந்த சில நாள்களிலேயே அதை ஏன் மூட வேண்டி வந்தது... எல்லாவற்றையும் பார்க்கலாம்.

இரண்டு ஊர்களை இணைத்த சாலை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவே அதே பெயரில் ஒரு ஆறு ஓடுகிறது. ‘ஓடுகிறது’ என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்ல வேண்டும். 1938-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, கரையோடு சேர்த்துப் படுகையையும் பெரும்பாலான இடங்களில் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். வருஷத்தில் பல மாதங்கள் நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும்.

ஆற்றின் மேற்கே, பழைய கிடங்குகளும் தொழிற்சாலைகளும் கலைக்கூடங்களாக, காபி ஷாப்களாக மாறிய ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட். கிழக்கே, மெக்சிகோ வம்சாவளி மக்கள் அதிகம் வாழும் பாயில் ஹைட்ஸ். நடுவில் ஆறு மட்டுமல்ல, ரயில் தண்டவாளங்களும் 101 நெடுஞ்சாலையும் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே தாவலில் தாண்டத்தான் 1932-ல் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய பாலத்தைக் கட்டினார்கள். நகரின் பாலப் பொறியாளராக இருந்த மெரில் பட்லரின் காலத்தில், இந்த ஆற்றின் மேல் வரிசையாகப் பல அழகான பாலங்கள் எழுந்தன. அவற்றில் மிக நீளமானது இதுதான். ஆற்றுக்கு நேர் மேலே மட்டும் இரும்பாலான வளைவுகள் இருக்கும். அதுதான் அதன் முகம்.

ஹாலிவுட் பக்கத்திலேயே இருக்கும்போது கேமரா சும்மா இருக்குமா? 1978-ல் வந்த ‘கிரீஸ்’ படத்தின் புகழ்பெற்ற கார் ரேஸ், இந்தப் பகுதியின் ஆற்றுப் படுகையில் எடுக்கப்பட்டதுதான். எத்தனையோ சினிமாக்கள், விளம்பரங்கள், மியூசிக் வீடியோக்களில் இந்தப் பாலம் தலைகாட்டியிருக்கிறது.

உள்ளேயே இருந்த நோய்

இவ்வளவு புகழ்பெற்ற பாலத்துக்கு வந்த பிரச்னை, வெள்ளமோ லாரிகளின் எடையோ இல்லை. கட்டும்போதே கான்கிரீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட ஒரு வேதியியல் கோளாறு. அதன் பெயர் ‘ஆல்கலி - சிலிகா ரியாக்‌ஷன்’. செல்லமாக (!) ‘கான்கிரீட் கேன்சர்’ என்பார்கள்.

விஷயம் இதுதான். சிமென்ட்டில் சோடியம், பொட்டாசியம் போன்ற காரப் பொருள்கள் இருக்கும். கலவையில் சேர்க்கும் ஜல்லியிலும் மணலிலும் சில வகைகளில், எளிதில் வினைபுரியும் சிலிகா இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஜெல் போன்ற ஒரு பொருள் உருவாகும். அது தண்ணீரை உறிஞ்சி உப்பும். வீட்டில் ஊறவைத்த உளுந்து பாத்திரம் நிறைய உப்பி நிற்கிறது இல்லையா... அதே மாதிரி. ஆனால், கெட்டியான கான்கிரீட்டுக்குள் உப்ப இடம் ஏது? உள்ளிருந்தே தள்ளித் தள்ளி விரிசல் விழவைக்கும். விரிசல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். மறுபடி ஜெல் உப்பும். மறுபடி விரிசல். இது ஒரு முடியாத சுழற்சி.

பாலம் கட்ட அந்த இடத்திலேயே கலவை ஆலை அமைத்திருந்தார்கள். அதில் போட்ட கல்லும் சிமென்ட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஏனென்றால், இப்படி ஒரு வினை இருக்கிறது என்பதே 1940-ல்தான் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. கட்டி 20 ஆண்டுகளுக்குள் இங்கே அறிகுறிகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஆச்சர்யம் என்னவென்றால், இதே ஆற்றின் மேல் இதே காலகட்டத்தில் கட்டப்பட்ட 1-வது தெரு, 4-வது தெரு பாலங்கள் இன்றைக்கும் வண்டிகளைச் சுமந்துகொண்டிருக்கின்றன. அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு மட்டும் வந்த நோய்!

‘ரிப்பேர் பண்ணிடலாமே?’

எல்லோரும் கேட்ட கேள்வி இது. முயற்சியும் பண்ணினார்கள். விரிசலை அடைப்பது, தண்ணீர் இறங்காமல் பூச்சு பூசுவது என்று பல வைத்தியங்கள் நடந்தன. எதுவும் நிலைக்கவில்லை. தூண்களைச் சுற்றி உறை போட்டுப் பலப்படுத்தலாம்தான். ஆனால், உள்ளே நடக்கும் வினை நிற்காதே!

அதைவிடப் பெரிய பயம், நிலநடுக்கம். 1994 ஜனவரி 17-ம் தேதி அதிகாலையில் நார்த்ரிட்ஜில் வந்த 6.7 அளவு நிலநடுக்கத்தில், லாஸ் ஏஞ்சல்ஸின் நெடுஞ்சாலைப் பாலங்கள் சில நொறுங்கி விழுந்ததை அந்த நகரம் மறக்கவில்லை. உள்ளுக்குள் உதிர்ந்துகொண்டிருந்த 6-வது தெரு பாலத்தை ஆய்வு செய்தவர்கள், அடுத்த 50 ஆண்டுகளில் ஒரு பெரிய நிலநடுக்கத்தால் அது இடிந்து விழ 70 சதவிகித வாய்ப்பு இருப்பதாகக் கணக்கிட்டார்கள். கீழே ரயில்கள், நெடுஞ்சாலை, கிடங்குகள், ஆள்கள். இனி ‘பார்த்துக்கலாம்’ என்று சொல்ல முடியாது.

அடுத்து வந்த சண்டை, ‘பழையதை அச்சு அசலாகத் திரும்பக் கட்டணுமா, புதுசாக ஒண்ணு கட்டணுமா?’ என்பது. பாரம்பரிய ஆர்வலர்களின் வருத்தத்தில் நியாயம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மக்களின் கல்யாண போட்டோக்களில் நின்ற வளைவு அது. ஆனால், நகல் என்பது நகல்தானே என்று இன்னொரு தரப்பு கேட்டது. கடைசியில் நகரம் வடிவமைப்புப் போட்டி வைத்தது. 2012-ல் ஹெச்.என்.டி.பி என்ற பொறியியல் நிறுவனமும், கட்டடக் கலைஞர் மைக்கேல் மால்ட்ஸனும் சேர்ந்து கொடுத்த வடிவம் ஜெயித்தது.

2016 ஜனவரியில் பழைய பாலம் மூடப்பட்டது. பிப்ரவரியில் இடிப்பு தொடங்கியது. 101 நெடுஞ்சாலைக்கு மேலே இருந்த பகுதியை உடைக்க, அந்தப் பரபரப்பான சாலையையே ஒரு வார இறுதியில் சுமார் 40 மணி நேரம் மூடினார்கள்.

வில்லும் நாணும்

பழைய பாலத்தின் முகமாக இருந்த அந்த வளைவை எடுத்து, பாலம் முழுக்க ஓடவிட்டால் எப்படி இருக்கும்? இதுதான் மால்ட்ஸனின் ஐடியா. அதனால் பிறந்தவைதான் 10 ஜோடி வளைவுகள். மொத்தம் 20. பெரும்பாலானவை சுமார் 30 அடி உயரம், சில 60 அடி வரை எழுகின்றன. எல்லாம் நேராக நிற்காமல், 9 டிகிரி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் நடுவில் போகிறவருக்கு வானம் விரிந்து தெரியும். இரவில் வளைவுகள் மேல் விளக்கொளி ஓடும் என்பதால் வைத்த பெயர், ‘ரிப்பன் ஆஃப் லைட்’.

இது வெறும் அழகுக்கா? இல்லை. வளைவு என்பது மனிதன் கண்டுபிடித்த பழைய தந்திரம். மேலே விழும் எடையை அது தன் உடல் வழியாக இரண்டு முனைகளுக்கும் தள்ளிவிடும். ஆனால், முனைகள் வெளியே விரிந்து ஓடப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் சாலைத் தளமே ஒரு கயிறுபோல இரண்டு முனைகளையும் இழுத்துக் கட்டிவைத்திருக்கிறது. வில்லையும் நாணையும் நினைத்துக்கொள்ளுங்கள்... அவ்வளவுதான். வில்லிலிருந்து நாணுக்குக் குறுக்கும் நெடுக்குமாக இறங்கும் 388 எஃகு கேபிள்கள், வண்டிகளின் எடையை வளைவு முழுக்கப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன.

ஆடினாலும் விழாது!

புதுப் பாலத்தின் நிஜ ஹீரோ, கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. நிலநடுக்கத்தின்போது பாலத்தை உடைப்பது, பூமி ஆடும்போது தூணும் தளமும் முரட்டுத்தனமாக அதனோடு சேர்ந்து ஆடுவதுதான். அதனால் இங்கே பாலத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ‘பெண்டுலம் பேரிங்’ எனப்படும் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள்.

ஒரு கிண்ணத்தில் கோலிக்குண்டைப் போட்டுக் கிண்ணத்தை ஆட்டிப் பாருங்கள். குண்டு அங்கே இங்கே உருளும். ஆனால், ஆட்டம் நின்றதும் நடுவுக்கே வந்துவிடும். தாங்கிகளும் அப்படித்தான். குழிந்த எஃகுத் தட்டுகளுக்கு நடுவே வழுக்கி, பாலத்தை எந்தத் திசையிலும் 30 அங்குலம் வரை நகர விட்டு, பிறகு அதன் எடையாலேயே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரும். 1,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய அளவு பெரிய நிலநடுக்கத்தையும் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அது 1,000 வருஷம் கழித்துத்தான் வரும் என்று அர்த்தம் இல்லை, நாளைக்கேகூட வரலாம் என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடல்.

செலவு? 58.8 கோடி டாலர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வரலாற்றிலேயே மிகப் பெரிய பாலத் திட்டம் இது. அதில் பெரும்பகுதி அமெரிக்க மத்திய அரசின் பால நிதியிலிருந்து வந்தது.

திறந்தார்கள்... மூடினார்கள்!

2022 ஜூலை 9, 10 தேதிகளில் திறப்பு விழா. நகரமே திரண்டு வந்து நடந்தது, ஆடியது, போட்டோ எடுத்தது. பாலத்தைத் தாண்டினால் வரும் விட்டியர் பொலிவார்டு, கீழே இறக்கிக் கட்டிய ‘லோ ரைடர்’ கார்கள் ஊர்வலம் போகும் புகழ்பெற்ற சாலை. ஆக, கொண்டாட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.

அதற்கு அடுத்த நாள்களில் வந்ததுதான் யாரும் எதிர்பார்க்காத கூட்டம். நடுச்சாலையில் டயர் புகையக் காரைச் சுற்றுவது, சேர் போட்டு முடி வெட்டிக்கொள்வது, வளைவின் மேல் ஏறி உச்சியில் உட்கார்ந்து வீடியோ எடுப்பது என்று பாலம் ‘கன்டென்ட்’ மேடையாக மாறிவிட்டது. வளைவுகள் சாலை மட்டத்திலிருந்தே தொடங்குவதால், ஏறுவது சுலபமாகத் தெரியும். இரவு இரவாகப் போலீஸ் பாலத்தை மூடியது. வேகத்தடைகளைப் பற்றியும் தடுப்புகளைப் பற்றியும் பேச்சு தொடங்கியது.

2023 ஜனவரியில், வளைவில் ஏறிய 17 வயதுப் பையன் ஒருவன் கீழே விழுந்து இறந்தான். 1,000 ஆண்டு நிலநடுக்கத்துக்குக் கணக்குப் போட்ட பாலம் அது. லைக்குகளுக்கு யாராலும் கணக்குப் போட முடியவில்லை.

இருட்டில் ஒளி ரிப்பன்

அடுத்த அடி திருடர்களிடமிருந்து வந்தது. விளக்குகளுக்குப் போகும் மின் பெட்டிகளை உடைத்து, உள்ளே இருந்த செம்புக் கம்பிகளை உருவிப் போனார்கள். கொஞ்ச நஞ்சமல்ல, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளக் கம்பி! பழைய இரும்புக் கடையில் அதற்குக் கிடைக்கும் காசைவிட, திரும்பச் சரிசெய்ய ஆகும் செலவு பல மடங்கு. ‘ஒளி ரிப்பன்’ என்று பேர் வைத்த பாலத்தை மக்கள் இரவில் இருட்டில் கடக்க வேண்டியதாயிற்று. வாக்கிங் போகிறவர்களும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும்தான் அதில் அதிகம் சிரமப்பட்டார்கள்.

பாலத்துக்குக் கீழே...

மேலே நடப்பதைவிடக் கீழே நடப்பதைத்தான் பாயில் ஹைட்ஸ் மக்கள் கவனமாகப் பார்க்கிறார்கள். பாலத்துக்கு அடியில் 12 ஏக்கரில் பூங்கா, விளையாட்டுத் திடல், நிகழ்ச்சி அரங்கம் என்பது திட்டத்தின் ஒரு பகுதி. பாலத்திலிருந்து கீழே இறங்கப் படிக்கட்டுகளும், சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகச் சுருள் வடிவச் சாய்தளங்களும் இருக்கின்றன. மைதானமே அரிதான ஒரு பகுதிக்கு இது பெரிய வரம்.

கூடவே ஒரு பயமும் இருக்கிறது. ஆற்றின் அந்தப் பக்கம் ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட்டில் வாடகை எகிறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். அழகான பாலம், பக்கத்திலேயே பூங்கா என்றால், அதே வாடகை பாலம் ஏறி இந்தப் பக்கமும் வந்துவிடாதா? பல தலைமுறைகளாக இங்கே இருப்பவர்கள், பூங்கா திறக்கும்போதும் இங்கேயே இருப்பார்களா?

பழைய பாலத்தைக் கொன்றது, கட்டும்போது யாருக்கும் தெரியாத ஒரு விஷயம். புதுப் பாலத்துக்கு வந்திருக்கும் பிரச்னைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: விளக்கு எரியணும், வளைவில் யாரும் ஏறக் கூடாது, பக்கத்துத் தெருக்காரர் வீட்டைக் காலி பண்ணாமல் இருக்கணும். இவற்றைத் தாங்க எந்த பேரிங்கும் இல்லை. நகரம்தான் தாங்கணும்.